மலையடி வண்டிப்பேட்டை

இங்கிலாந்துக்கு மேற்கே வேல்ஸ் என்றொரு மலைநாடு இருக்கின்றது. சென்ற கோடையில் அங்கே சில நாள் தங்கிவந்த என் பேத்தி எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். மலைச்சரிவில் ஆடுகள் மேயும் புல்வெளி ஒன்றில், மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீடுகளை நிறுத்தித் தங்குவதற்கென ஓர் இடம் வகுத்திருக்கிறார்களாம். அந்த வண்டி வீட்டிற்குக் 'கேரவன்' என்று பெயர். படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். கடிதம் முழுவதும் மகிழ்ச்சிதான்; ஆயினும் ஒரு குறை. புல்வெளியின் அடியில் ஓர் ஓடை ஓடியதாம். அதன் கரையில் பாய் விரித்தாற்போலச் சமமான நிலம். அங்கே வண்டியை நிறுத்துவதற்கு இடத்துக்காரர் எவ்வளவு சொல்லியும் இசையவில்லை. மேட்டிலே, சரிவான இடத்திலே, சக்கரத்தின் கீழே கட்டை கொடுத்து நிறுத்தும்படி செய்துவிட்டார். "நல்ல இடத்தைச் சும்மா போட்டுவிட்டு எங்களைச் சரிவில் ஏற்றிவிட்டார், தாத்தா. நம் பக்கத்தில் இப்படி வண்டியில் போய் மலையடியில் தங்கும் வழக்கம் உண்டா?" என்று கேட்டிருந்தாள்.

உண்டு. அந்தக் குறைக்கு விடையும் உண்டு. அவளுக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இன்று நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே உள்ளது எங்கள் ஆமத்தூர். கரிசல் பூமி, பருத்தியும் சோளமும் கம்பும் விளைந்த காடுகள், இன்று பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் சூழ்ந்த ஊர். மழை பெய்து வானம் வெளுத்த காலை வேளையில் மேற்கே பார்த்தால் மேற்குத் தொடர்ச்சி மலை நீலக் கோடாகத் தெரியும். அந்த நீலத்தினுள்ளேதான் சதுரகிரி இருக்கிறது. சுந்தர மகாலிங்கமும் சந்தன மகாலிங்கமும் கோயில் கொண்ட மலை. கோயில் மதுரை மாவட்ட எல்லைக்குள் அமைந்தது; ஏறும் வழியின் அடிவாரமாகிய தாணிப்பாறையோ எங்கள் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆடி அமாவாசைக்கு இலட்சக்கணக்கான மக்கள் அங்கே கூடுவர்.

1960-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் எங்கள் ஊரார் அங்கே போவது மாட்டு வண்டியில்தான். கூண்டு வண்டிக்குள் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் சாக்கையும் ஜமுக்காளத்தையும் விரித்துவிட்டால் அதுவே வீடு. வண்டியின் அடியில் தொங்கும் சாக்கில் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை. பின்புறம் அரிசி மூட்டை, மிளகாய், புளி, பாத்திரம். முன்னே ஓர் அரிக்கேன் விளக்கு. ஏழெட்டு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மாலையில் கிளம்பிச் சிவகாசி, திருவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோயில் வழியாக வத்திராயிருப்பை அடையும். பகல் வெயிலில் மாட்டை அவிழ்த்துவிட்டு இரவிலேயே பெரும்பாலும் நடத்துவார்கள். வண்டியினுள் படுத்தபடி கூண்டின் துவாரத்தின் வழியே விண்மீனைப் பார்த்துக்கொண்டு போனவர்களுக்குக் கேரவன் என்னும் சொல் புதிதாக இருக்கலாம், பொருள் புதிதன்று.

மேனாட்டிலும் இது நெடுங்காலத்து வழக்கமன்று. கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் ஓய்வுபெற்ற கப்பற்படை மருத்துவர், 1885-ஆம் ஆண்டில் இரண்டு குதிரைகள் இழுக்கும் வண்டி வீடு ஒன்றைத் தமக்கெனச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை உல்லாசமாகப் பயணம் செய்தார். பொழுதுபோக்குக்காக வண்டி வீட்டில் சென்றோருள் அவரை முன்னோடி என்பர். நம் நாட்டிலோ, உப்பு விற்ற உமணர்கள் மனைவி மக்களுடன் வண்டித் தொடராக மலைவழிகளைக் கடந்ததைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அத்தகைய வணிகக் கூட்டத்திற்குச் 'சாத்து' என்று தமிழில் ஒரு சொல்லே இருந்தது. அதியமானின் மகனைப் பாடிய ஒளவையார், உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு அவனை உவமை கூறியிருக்கின்றார். வழியில் எது முறியும் என்று அறிந்து புறப்பட்டவர்கள் அவர்கள்.

தாணிப்பாறையை அடுத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் அங்கே சற்று விரிந்து, வெள்ளை மணலையும் உருண்டைக் கற்களையும் பரப்பி வைத்திருக்கும். அமாவாசைக்கு முந்திய நாள் அவ்விடமெல்லாம் வண்டிப்பேட்டையாகிவிடும். ஓடை மணலில் வண்டி அவிழ்ப்பது எத்தனை வசதி! மணல் மெத்தென்று இருக்கும், கையால் பறித்தால் ஊற்று, மாட்டைக் குளிப்பாட்டலாம், பிள்ளைகள் விளையாடலாம். பேட்டையின் பாதி வண்டிகள் அங்கேதான் நிற்கும். என் பாட்டனார் மட்டும் எங்கள் வண்டிகளை அங்கே விடமாட்டார். கல்லும் வேரும் நிறைந்த மேட்டில், புளியமரங்களுக்கு அப்பால், தண்ணீருக்கு நூறு அடியேனும் நடக்கவேண்டிய இடத்தில் அவிழ்க்கச் சொல்வார். குடம் சுமக்கும் பெண்கள் முணுமுணுப்பார்கள். நானும் ஒருமுறை மணலைக் காட்டி அழுதேன். "ஐயா, இந்த மணலை யார் கொண்டுவந்து போட்டது?" என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. "தண்ணீர் விரித்த பாய் இது. விரித்தவன் எப்போது வந்து படுப்பான் என்று நமக்குச் சொல்லிவிட்டா வருவான்?" என்றார். எனக்கு அன்று அது கிழவர் பேச்சாகவே பட்டது.

ஒரு வேண்டுதலின் பொருட்டு ஓராண்டு நாங்கள் ஆடியை விடுத்து வைகாசி அமாவாசைக்குச் சென்றோம். பொழுது சாயும் நேரம். தாணிப்பாறையில் ஒரு துளி மழையும் இல்லை; மலைமுகட்டில் மட்டும் கருமேகம் கவிந்திருந்தது; எங்கோ இடி முழக்கம். பாட்டனார் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டச் சென்றவர், சென்ற வேகத்திலேயே திரும்பினார். நண்பகலில் கணுக்கால் அளவு ஓடிய தெளிந்த நீர் காப்பி நிறமாகிவிட்டது. காய்ந்த சருகும் சுள்ளியும் மிதந்து வருகின்றன என்று கூவிக்கொண்டே மணலில் நின்ற வண்டிக்காரர்களை எழுப்பினார். சிலர் மாட்டைப் பூட்டவும் நில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தார்கள். சிலர் சோறு வடித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். கால் மணி நேரம் சென்றிருக்கலாம். முதலில் ஓர் இரைச்சல். காற்று என்றே நினைத்தோம். பின்னர் நுரையும் கட்டையும் கல்லுமாக ஓடை இரு கரையும் புரண்டு வந்தது.

உயிர்ச்சேதம் மனிதரில் இல்லை. சோற்றுப்பானைகளும் அரிசி மூட்டைகளும் போயின. ஒரு வண்டி நுகத்தடி வரையில் மணலில் புதைந்தது. அதன் சக்கரத்தில் கட்டியிருந்த மாடு ஒன்றை அவிழ்க்க முடியாமலே போயிற்று; அதன் சோடி மாடு மேட்டில் நின்று விடியும்வரை கத்திக்கொண்டிருந்தது. அந்த வண்டிக்காரருக்கு இருந்த சொத்தெல்லாம் அந்த ஒரு சோடிதான். மறுநாள் ஒற்றை மாட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வத்திராயிருப்புச் சாலையில் நடந்து போனது இன்றும் என் கண்ணில் நிற்கின்றது.

மழை பெய்யாத இடத்தில் வெள்ளம் எங்ஙனம் வந்தது? ஒரு சதுர கிலோமீட்டர் மலைச்சரிவில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் அந்நீரின் அளவு 5 கோடி லிட்டர். சமவெளியாயின் அதிற் பெரும்பகுதியை மண் உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியது மெல்லப் பரவிக் கண்மாயைச் சேரும். மலையிலோ பாறையின்மேல் மண் மெலிந்த போர்வை. சரிவு மிகுதி. நாலா பக்கத்து நீரும் ஒரே ஓடையை நோக்கி, ஏறக்குறைய ஒரே நேரத்தில், விரைந்து வருகிறது. புனலின் வாயை நம் காலடியில் வைத்துவிட்டு மேலே ஒருவன் குடத்தைக் கவிழ்த்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். ஓடும் நீரின் வேகம் இரு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகிறது. ஆதலால் முழங்காலளவு நீர்தானே என்று இறங்கும் இளைஞனும் கால் நழுவி விழுகின்றான்.

நீர் செங்குத்தான வழியில் வரும்போது கல்லையும் மணலையும் உருட்டிக்கொண்டு வருகிறது. அடிவாரத்தில் தரை சமமானதும் வேகம் குறைந்து சுமையை இறக்கி வைக்கிறது. இப்படி நூற்றாண்டுகளாக இறக்கிய சுமை விசிறியைப்போல் விரிந்து கிடப்பதை நிலநூலார் வண்டல் விசிறி என்பர். மலையடியில் கூடாரம் அடிக்க இதைவிட அழகான, சமமான இடம் கிடையாது. ஆபத்தான இடமும் வேறு கிடையாது. ஸ்பெயின் நாட்டின் பிரனீசு மலையடியில் பியெஸ்காஸ் என்னும் ஊருக்கு அருகே, அத்தகைய விசிறியின்மேல் ஒரு கூடார நிலையம் அமைத்திருந்தார்கள். மேலே ஓடைக்குத் தடுப்பணைகளும் கட்டியிருந்தார்கள். 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7 அன்று மாலை மலையில் பெய்த ஒரு பெருமழையில் ஓடை பழைய தடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. விடுமுறைக்கு வந்திருந்தோருள் 87 பேர் மாண்டனர். அவர்களுடைய வண்டி வீடுகள் தீப்பெட்டிகளைப்போல உருண்டு போயின. படித்த பொறியியலாரும் அரசாங்கமும் உள்ள நாட்டில் நடந்தது இது. ஆதலின் வண்டிப்பேட்டையின் கிராமத்தாரை மட்டும் அறியாமை உடையவர் என்று நான் சொல்லமாட்டேன். சமதளம் யாரையும் ஏமாற்றும்.

சதுரகிரிக்கும் அந்த நாள் வந்தது. 2015-ஆம் ஆண்டு மே மாதம், அமாவாசையை ஒட்டிய நாளில், மலையில் பெய்த மழையால் ஓடைகள் திடீரெனப் பெருகி, ஏறியிருந்த அன்பர் பலர் உயிரிழந்தனர். அம்மலைப் பாதையை அறிந்தவர்களுக்கு மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்னும் பெயர்கள் தெரியும். வழுக்கும் என்று பெயரிலேயே எழுதி வைத்தார்கள் முன்னோர்கள்; பிடித்துக்கொள்ளச் சங்கிலி வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். ஏறும்போது துள்ளித் தாண்டிய ஓடை, இறங்கும்போது கடக்கவொண்ணாத ஆறாகிவிடுவதே அம்மலையின் இயல்பு. அந்நிகழ்ச்சிக்குப் பின் மலைமேல் இரவு தங்குவது தடுக்கப்பட்டது. பிரதோஷம், அமாவாசை, பௌர்ணமி ஆகிய நாள்களை ஒட்டி மட்டுமே பல்லாண்டுகள் ஏறவிட்டார்கள். மழை வரும்போல் இருந்தால் அந்நாள்களிலும் வாயிலை அடைத்துவிடுவதுண்டு.

இத்தடையை வெறுப்பவர் என் நண்பருள் உண்டு. மலையில் ஓர் இரவு படுத்தெழுந்து, அதிகாலைக் குளிரில் சந்தன மகாலிங்கத்தைக் கண்டு வந்த அனுபவம் இனி இல்லையே என்று அவர்கள் வருந்துவது எனக்கும் புரிகிறது. அந்த இரவுகள் எனக்கும் உண்டு. ஆயினும், இருட்டில் ஆயிரக்கணக்கானோர் ஓடைக்கு அப்பால் அகப்பட்டுக்கொண்டால் எந்தக் கயிற்றைக் கட்டி எத்தனை பேரை இழுப்பது? தடையை நான் ஏற்கின்றேன்.

பேத்தி சொன்ன இடத்துக்காரருக்கு வருவோம். பிரிட்டனில் 1960-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்து, வண்டி வீடுகளை நிறுத்தும் நிலத்திற்கு உரிமம் வேண்டும் என்று விதித்தார்கள். உழவர் ஒருவர் தம் வயலில் 5 வண்டிகளுக்கு மட்டும் இடம் தருவதாயின், அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் சான்று போதும் என்ற சலுகையும் உண்டு. இரு வண்டி வீடுகளுக்கு இடையே ஏறத்தாழ 6 மீட்டர், அதாவது 20 அடி, இடைவெளி விடும் வழக்கத்தை அங்கே வற்புறுத்துகிறார்கள். ஒன்றில் தீப்பற்றினால் அடுத்ததற்குத் தாவக்கூடாது என்பதே காரணம். இடைவெளியின் பொருளைச் சிவகாசி வட்டாரத்தாருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. ஒரு பட்டாசு அறைக்கும் அடுத்த அறைக்கும் இவ்வளவு தூரம், ஓர் அறையில் 4 பேருக்கு மேல் கூடாது என்னும் விதிகள் எங்கே மீறப்பட்டனவோ அங்கே என்ன நேர்ந்தது என்பதை எங்கள் தெருக்கள் அறியும்.

மலையில் தீக்கு இன்னும் ஒரு குணம் உண்டு. அது மேல்நோக்கியே விரையும். சுடரும் வெப்பமும் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திவிடுவதால், சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். 2018 மார்ச்சு 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் அகப்பட்டு 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து இறங்கும் காற்றை எண்ணித்தான் போலும், எங்கள் வண்டிகளின் அடுப்பு எப்போதும் கூண்டுக்குக் கிழக்கே, காற்று போகும் பக்கத்தில், மூன்று கல் வைத்த குழிக்குள் எரியும். புறப்படுமுன் தண்ணீர் ஊற்றி மண்ணையும் தள்ளிவிடுவார்கள்.

மேட்டில் தங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இரவில் மலைச்சரிவின் காற்று குளிர்ந்து கனத்து, நீரைப்போலவே பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. ஓடைப்பள்ளத்தில் படுத்தவர் விடியலில் பனியில் நனைந்து நடுங்குவதும், நூறு அடி மேலே படுத்தவர் சுகமாக எழுவதும் அதனால்தான். குழந்தையும் கிழவரும் இருக்கும் வண்டிக்கு இது சிறிய செய்தியன்று.

தண்ணீரைப்பற்றி இன்னும் ஒன்று சொல்லியாக வேண்டும். வத்திராயிருப்புப் பக்கத்து மலையோடைகள் கண்மாய்களை நிரப்பி, பிளவக்கல் அணைகளின் நீரோடு சேர்ந்து அர்ச்சுனா நதிக்கு வருகின்றன. அந்நதியின் குறுக்கே எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆனைக்குட்டம் அணை இருக்கின்றது. ஆமத்தூரிலிருந்து வண்டி கட்டிப் போய் மலையடியில் நாம் அசுத்தம் செய்தால், அது நமக்கு முன்னே வீடு வந்து சேர்ந்துவிடும்! ஓடைக்கு மேற்புறம் குடிநீர், அதற்குக் கீழே மாடு, அதற்கும் கீழே துணி, எல்லாவற்றுக்கும் அப்பால் மேட்டில் மறைவிடம் என்று அன்று பேட்டையில் எழுதாத ஒழுங்கு ஒன்று இருந்தது. அன்று எறிந்தது தொன்னையும் இலையும், மண் தின்றுவிட்டது. இன்றைய பைகளை மண் தின்பதில்லை. அக்காடு 1988-இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயிற்று. 2021-இல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. நாம் ஒருநாள் விருந்தாளிகள். அங்கே குடியிருப்போர் வேறு.

மாட்டு வண்டிகள் இப்போது இல்லை. வேனும் பேருந்தும் வந்து, காலையில் இறக்கிவிட்டு மாலையில் ஏற்றிக்கொண்டு போகின்றன. ஆனால் வண்டி வீடு வேறு வடிவில் வரத் தொடங்கியிருக்கிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. மறு ஆண்டில் இடுக்கி மாவட்டத்து வாகமனில் முதல் நிலையம் திறக்கப்பட்டது. நம் மலைகளிலும் கூடார விடுதிகள் பெருகுகின்றன. ஓடையின் ஓசையோடு உறங்கலாம் என்று விளம்பரம் செய்பவர்களைக் கண்டால் எனக்கு அந்த ஒற்றை மாட்டின் நினைவு வருகின்றது. அங்கே தங்கப்போகிறவர்கள், கூடாரத்தின் கதவைத் திறக்குமுன் தரையைப் பார்க்கட்டும். உருண்டைக் கல்லும் கழுவிய மணலும் உண்டா? மரத்தின் அடியில், ஆள் உயரத்தில், காய்ந்த சருகும் சுள்ளியும் சிக்கி நிற்கின்றனவா? சிக்கியிருந்தால், ஒருமுறை தண்ணீர் அவ்வளவு உயரம் வந்து போயிருக்கிறது என்று பொருள். இரவில் நீர் கலங்கினாலும், சருகு மிதந்தாலும், ஓடிக்கொண்டிருந்த ஓடை காரணமின்றித் திடீரென வற்றினாலும் எழுந்து மேட்டுக்குப் போய்விட வேண்டும். வற்றுவது நல்லதல்லவா என்று சிலர் நினைப்பர். மேலே எங்கோ மரமும் மண்ணும் விழுந்து அடைத்துக்கொண்டிருக்கலாம். அந்த அடைப்பு உடையும்போது வருவது ஓடையன்று. சாமான்களை எடுக்க நிற்கவேண்டா. ஓடையோடு கீழ்நோக்கி ஓடவும் வேண்டா, பக்கவாட்டில் ஏறவேண்டும்.

பேத்திக்கு இவையனைத்தையும் எழுதிவிட்டு, இரண்டு கேள்வியும் கேட்டிருக்கின்றேன். அந்த ஓடைக்கரைச் சமதளத்தில் புல்லைக் கிளறினால் கீழே மண் இருக்கிறதா, மணல் இருக்கிறதா என்பது ஒன்று. அந்த இடத்துக்காரரின் பாட்டனார் அவருக்கு ஏதாவது சொல்லியிருக்கிறாரா என்று அவரிடமே விசாரித்து எழுதும்படி கேட்டது மற்றொன்று. பதில் இன்னும் வரவில்லை.